பூஜ்யத் தீர்வைக்குப் பிறகு

மிகக் குறைந்த வளர்ச்சி பெற்ற நாடுகள் என்று ஐக்கிய நாடுகள் சபை ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. 1971ல் 25 நாடுகளோடு தொடங்கியது. இப்போது 44 நாடுகள் இருக்கின்றன. பெரும்பாலானவை ஆப்பிரிக்காவில், மற்றவை ஆசியாவிலும் பசிபிக் தீவுகளிலும், கரீபியனில் ஹைட்டி ஒன்று மட்டும். உலக மக்களில் ஏறக்குறைய ஏழில் ஒருவர் இந்த நாடுகளில் வாழ்கிறார். ஆனால் உலகச் சரக்கு ஏற்றுமதியில் இவற்றின் பங்கு ஒரு சதவீதத்தை ஒட்டியே நிற்கிறது. அந்தப் பங்கை 2020க்குள் இரட்டிப்பாக்குவோம் என்று 2011ல் இஸ்தான்புல்லில் கூடிய மாநாட்டில் இலக்கு வைத்தார்கள். 2020 வந்து போய்விட்டது. பங்கு இருந்த இடத்திலேயே இருக்கிறது.

இந்த நாடுகளின் வர்த்தக அமைச்சகங்களோடும் ஏற்றுமதியாளர்களோடும் உட்கார்ந்து வேலை பார்ப்பதுதான் என் தொழில். என்ன வேலை என்று யாராவது கேட்டு, நான் விளக்கி முடித்ததும் பெரும்பாலும் ஒரே கேள்விதான் வரும்: பணக்கார நாடுகள் இறக்குமதி வரியை எடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடாதா? நியாயமான கேள்விதான். ஆனால் வரியில் பெரும்பகுதியை எடுத்து ரொம்ப நாளாகிவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2001லேயே ‘ஆயுதங்கள் தவிர எல்லாம்’ என்ற திட்டத்தில் இந்த நாடுகளின் பொருள்களுக்கு வரியையும் அளவுக் கட்டுப்பாட்டையும் நீக்கிவிட்டது. இந்தியா 2008ல் ஒரு சலுகைத் திட்டம் கொண்டுவந்து பிறகு விரிவாக்கியது. சீனா 2024 டிசம்பரிலிருந்து, தன்னோடு தூதரக உறவுள்ள இந்த நாடுகளின் எல்லாப் பொருள்களுக்கும் பூஜ்ய வரி என்று அறிவித்தது.

அப்படியும் பங்கு ஏன் நகரவில்லை என்பதுதான் என் அன்றாட வேலை. வரி பூஜ்யம் என்று எழுதிய தாளுக்கும், கப்பலில் ஏறும் கன்டெய்னருக்கும் நடுவில் இருக்கும் தூரத்தில்தான் என் நாட்கள் போகின்றன.

முதலில் சலுகையிலேயே இருக்கும் ஓட்டைகளைச் சொல்லிவிடுகிறேன். 2005ல் ஹாங்காங்கில் நடந்த உலக வர்த்தக அமைப்பின் அமைச்சர்கள் மாநாடு, இந்த நாடுகளின் பொருள்களில் குறைந்தது 97 சதவீத வகைகளுக்கு வளர்ந்த நாடுகள் வரியில்லாமல் இடம்கொடுக்க வேண்டும் என்று முடிவெடுத்தது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் வரி அட்டவணையில், பொருள் வகைக்கு ஒன்றாக, பல ஆயிரம் வரிசைகள் உண்டு. ஏழை நாடு ஒன்று விற்பதோ ஒரு சில பொருள்கள். மீதமிருக்கும் மூன்று சதவீதத்துக்குள் அந்தச் சில பொருள்களையும் அடக்கிவிட முடியும். வங்கதேசத்தின் சட்டையும் கம்போடியாவின் கால்சட்டையும் அமெரிக்காவுக்குள் வரி கட்டித்தான் போயிருக்கின்றன. நேபாளத்துக்காக அமெரிக்கா ஒரு தனிச் சலுகை கொடுத்தது. 77 வரிசைகள், பெரும்பாலும் சால்வை, கம்பளம், பை போன்றவை. நேபாளம் ஒரு காலத்தில் அங்கே நிறைய விற்ற ஆயத்த ஆடைகளில் முக்கியமானவை அந்தப் பட்டியலில் இல்லை. அதனால் அந்தச் சலுகையால் நேபாளத்துக்குப் பெரிய பலன் எதுவும் கிடைக்கவில்லை.

அப்புறம், ஒரு பொருள் எந்த நாட்டில் உருவானது என்று முடிவு செய்யும் விதிகள். இதைப் பற்றிப் பேசினால் பலருக்குத் தூக்கம் வரும், எனக்கு வராது. ஏனென்றால் ஒரே ஒரு விதியை மாற்றினால் என்ன நடக்கும் என்பதற்கு வங்கதேசமே சாட்சி. 2010 வரை ஐரோப்பாவுக்கு வரியில்லாமல் ஆடை அனுப்ப வேண்டுமென்றால் நூலிலிருந்து துணி, துணியிலிருந்து ஆடை என்று இரண்டு கட்டமும் உள்நாட்டில் நடந்திருக்க வேண்டும். பின்னலாடைக்கு அங்கே உள்ளூர் நூலும் துணியும் இருந்தன. ஆனால் நெய்த சட்டைக்கும் கால்சட்டைக்குமான துணி பெரும்பாலும் சீனாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் வந்தது. அதனால் அந்த ஆடைகளுக்குச் சலுகை இருந்தும் இல்லாத மாதிரிதான். 2011 ஜனவரி முதல் தேதியிலிருந்து ஐரோப்பிய ஒன்றியம் இந்த நாடுகளுக்கு மட்டும் ஒரு கட்டம் போதும் என்றது. துணியை வெளியிலிருந்து வாங்கி, வெட்டித் தைத்தாலே போதும். அதற்குப் பிறகு வங்கதேசத்திலிருந்தும் கம்போடியாவிலிருந்தும் ஐரோப்பாவுக்குப் போன ஆடைகளின் அளவு வேகமாக உயர்ந்தது. அந்த ஒரு விதி மாற்றத்தின் பலன் லட்சக்கணக்கான தையல் தொழிலாளிகளின் சம்பளத்தில் போய்ச் சேர்ந்தது. அவர்களில் பெரும்பான்மையோர் பெண்கள். உலக வர்த்தக அமைப்பில் 2015ல் நைரோபியில் எடுத்த முடிவு, பொருளின் மதிப்பில் 75 சதவீதம் வரை வெளிநாட்டு மூலப்பொருள் இருக்கலாம் என்ற அளவைப் பரிசீலிக்கச் சொல்கிறது. எல்லா நாடுகளும் அதை முழுசாகப் பின்பற்றினால் இன்னும் எத்தனையோ தொழில்கள் மூச்சுவிடும்.

விதி தளர்ந்தாலும் தாள் வேலை இருக்கிறது. ஐரோப்பா 2017லிருந்து, ஏற்றுமதியாளரே பதிவு செய்துகொண்டு, பொருள் எந்த நாட்டில் உருவானது என்று விலைப்பட்டியலில் ஓர் உறுதிமொழி வாசகம் எழுதினால் போதும் என்ற முறைக்கு மாறியது. அதிகாரியிடம் முத்திரைக்கு நிற்கத் தேவையில்லை. நல்ல மாற்றம். ஆனால் சிறு ஏற்றுமதியாளருக்கு அது பயமாகவும் இருக்கிறது. இதுவரை அதிகாரியின் முத்திரை துணையாக இருந்தது; இனி எழுதியவரே பொறுப்பு. கூடை பின்னி அனுப்பும் ஒரு பெண்கள் கூட்டுறவின் கணக்காளர், அந்த வாசகத்தைத் தன் கையால் எழுதி, அடித்து, மறுபடி எழுதி, என்னிடம் காட்டியது நினைவிருக்கிறது. எல்லாம் சரியாக இருந்தது. ஆனாலும் அவர் கையெழுத்துப் போடத் தயங்கினார். சாயம் ஏற்றிய நார் பக்கத்து நாட்டிலிருந்து வாங்கியது, அதனால் பொய் சொன்னதாகிவிடுமோ என்பது அவர் கவலை. அன்று மதியம் முழுவதும் நாரின் விலை, கூலி, கூடையின் விலை என்று ஒவ்வொன்றாகக் கணக்குப் போட்டு, விதிக்குள்தான் இருக்கிறது என்று காட்டினேன். அந்த ஒரு மதியம் வீணானதாக நான் ஒருநாளும் நினைத்ததில்லை. அதற்குப் பிறகு அந்தக் கணக்கை அவரே மற்ற கூட்டுறவுகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்.

ஆனால் எனக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தது நிலக்கடலைதான்.

மேற்கு ஆப்பிரிக்காவில் ஒரு சிறிய நாடு. அங்கே விவசாயிகளின் முக்கிய வருமானம் கடலை. ஐரோப்பாவில் வரி கிடையாது. ஆனால் கடலையில் ஒருவகைப் பூஞ்சை பிடித்தால் அஃப்லடாக்சின் என்ற நச்சு உண்டாகிறது. கல்லீரல் புற்றுநோய்க்குக் காரணமாகக் கூடியது. நேராக மனிதர் சாப்பிடும் கடலையில் அது கிலோவுக்கு மொத்தம் 4 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது ஐரோப்பிய வரம்பு. சர்வதேச உணவுத் தரநிலைகளை விட இது கடுமையானது. கடுமை தேவைதானா என்ற வாதம், உலக வர்த்தக அமைப்பின் தலைமையகம் இருக்கும் ஜெனீவாவில் ரொம்ப காலமாக நடக்கிறது. ஆனால் அந்த நச்சு கெடுதல் என்பதில் சந்தேகமே இல்லை, அதே கடலையை அந்த விவசாயியின் குழந்தையும்தான் சாப்பிடுகிறது. சோதனையில் தேறாத சரக்கு ஐரோப்பாவில் பறவைத் தீனியாக, கம்மி விலைக்குப் போனது.

உதவி செய்ய வந்தவர்கள் முதலில் கொடுத்தது ஒரு ஆய்வகம். நல்ல கருவி, குளிர்சாதன அறை, பயிற்சி பெற்ற இரண்டு இளைஞர்கள். நான் போய்ப் பார்த்தபோது கருவி மேல் துணி போர்த்தியிருந்தது. சோதனைக்கான ரசாயனம் தீர்ந்துவிட்டது. வாங்க பட்ஜெட்டில் பணம் ஒதுக்கவில்லை. அதைவிடப் பெரிய சிக்கல், அந்த ஆய்வகத்துக்கு சர்வதேச அங்கீகாரம் கிடைத்திருக்கவில்லை. அதனால் அங்கே தேறிய முடிவை வெளிநாட்டில் வாங்குபவர் ஏற்கமாட்டார். மாதிரிகளைக் கூரியரில் ஐரோப்பாவுக்கு அனுப்பி, விடைக்காகக் காத்திருந்தார்கள். அதுவரை மூட்டைகள் கிடங்கின் வெக்கையில் கிடந்தன. பூஞ்சைக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது.

உடன் வேலை பார்த்த வேளாண் அலுவலர் ஒருவர் என்னைக் கிராமத்துக்குக் கூட்டிப்போனார். அங்கே ஒரு வீட்டு வாசலில் பெண்கள் கடலை உடைத்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர். கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் தெளித்து, ஓடு ஊறியதும் விரலால் அழுத்தி உடைத்தார்கள். காய்ந்த ஓட்டை நாள் முழுக்க வெறும் கையால் உடைத்தால் விரல் நுனி கிழிந்துவிடும். ஒருவர் தன் கட்டைவிரலை நீட்டிக் காட்டினார். நன்றாகக் காயவைத்த கடலைக்கு மறுபடி ஈரம் ஏறியது அங்கேதான். அதோடு, வியாபாரி எடை போட்டு வாங்குகிறார். ஈரக் கடலை கனம் கூடுதல். காயவைத்தவருக்கு எடையில் நஷ்டம், தண்ணீர் தெளித்தவருக்கு லாபம். இந்த இரண்டு காரணங்களையும் தெரிந்துகொண்ட பிறகு, விவசாயிகளுக்கு விழிப்புணர்வு வேண்டும் என்று எழுதிய அறிக்கையைத் திறக்கவே எனக்கு மனம் வரவில்லை.

அங்கே பலன் கொடுத்தவை சின்ன விஷயங்கள். கையால் சுற்றி ஓடு உடைக்கும் இயந்திரம், தண்ணீர் தேவையில்லை. தரையில் கொட்டிக் காயவைக்காமல் உயரத்தில் பரப்ப மூங்கில் தட்டி. சுருங்கியதையும் நிறம் மாறியதையும் கையால் பொறுக்கி ஒதுக்குவது. நச்சு பெரும்பாலும் ஒரு சில பருப்புகளில்தான் குவிந்திருக்கும், அவற்றை எடுத்துவிட்டாலே மூட்டையில் நச்சின் அளவு இறங்கிவிடும். வயலிலேயே நச்சில்லாத பூஞ்சை வகையைத் தூவி நச்சுள்ளதை ஒடுக்கும் ‘அஃப்லாசேஃப்’ என்ற முறையும் ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் வந்துவிட்டது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஈரப்பதம் அளக்கும் ஒரு சின்னக் கருவியை வைத்துக்கொண்டு, காய்ந்த கடலைக்குக் கூடுதல் விலை கொடுக்க அங்கே ஒரு கூட்டுறவு முன்வந்தது. விலை மாறிய பருவத்திலேயே வாளிகள் வாசலிலிருந்து மறைய ஆரம்பித்தன.

ஆய்வகம் தேவையில்லை என்று சொல்ல வரவில்லை. அது இல்லாமல் பெரிய சந்தைக்குள் நுழையவே முடியாது. உகாண்டாவின் கதை அதைத்தான் சொல்கிறது. 1997க்கும் 1999க்கும் நடுவில் விக்டோரியா ஏரி மீனை ஐரோப்பா திரும்பத் திரும்பத் தடுத்தது. ஒருமுறை கிருமி, ஒருமுறை காலரா பயம், ஒருமுறை மீன்பிடிக்கப் பூச்சிமருந்து கலந்தார்கள் என்ற புகார். தொழிற்சாலைகள் மூடின, கரையில் வேலை போனது. அரசும் மீன் ஆலைகளும் சேர்ந்து ஆய்வு அதிகாரம் முழுவதையும் ஒரே துறையின் கீழ் கொண்டுவந்து, பரிசோதகர்களைப் பயிற்றுவித்து, மீன் இறக்கும் கரைகளைச் சீர்படுத்தின. சந்தை மறுபடி திறந்தது. ஆய்வு அங்கே நிலைத்ததற்குக் காரணம், அதில் ஆலைக்காரர்களுக்கும் அரசுக்கும் பிழைப்பே அடங்கியிருந்தது. நான் பார்த்த ஆய்வகத்துக்கு அப்படிச் சொந்தம் கொண்டாட யாரும் இல்லை. திட்டம் முடிந்த அன்றே அது அநாதையாகிவிட்டது.

எல்லைகளைப் பற்றி ஒரு நூல் எழுதலாம், சுருக்கமாகச் சொல்கிறேன். மாலி, புர்கினா ஃபாசோ, நைஜர், சாட், ருவாண்டா, மலாவி, நேபாளம் என்று இந்தப் பட்டியலில் கடலே இல்லாத நாடுகள் ஏராளம். அவர்கள் சரக்கு பக்கத்து நாட்டின் சாலையையும் துறைமுகத்தையும் நம்பித்தான் போக வேண்டும். ஜாம்பியாவுக்கும் ஜிம்பாப்வேக்கும் நடுவில் சிருண்டுவில் 2009 டிசம்பரில் இரு நாட்டு அதிகாரிகளும் ஒரே இடத்தில் சோதனை செய்யும் சாவடி திறந்தார்கள். நாள்கணக்கில் நின்ற லாரிகளின் காத்திருப்பு வெகுவாகக் குறைந்தது. எல்லையில் சரக்கு சீக்கிரம் நகர்வதற்காக உலக வர்த்தக அமைப்பில் போட்டு, 2017 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வர்த்தக எளிமைப்படுத்தல் ஒப்பந்தத்தில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம், ஒவ்வொரு ஏழை நாடும் தன்னால் இப்போது முடிந்தது எது, அவகாசம் வேண்டியது எது, உதவி கிடைத்தால் மட்டும் முடிவது எது என்று தானே பிரித்துச் சொல்லலாம். உதவி வந்து திறமை கைகூடும் வரை அந்தக் கடைசி வகையில் கட்டாயம் கிடையாது. கடமையையும் திறமையையும் இப்படி நேராக முடிச்சுப் போட்ட ஒப்பந்தம் உலக வர்த்தக அமைப்பில் அதற்கு முன் இருந்ததில்லை.

இந்த நாடுகளுக்கென்றே ஒரு கூட்டுத் திட்டமும் இருந்தது: சர்வதேச நாணய நிதியம், உலக வங்கி, உலக வர்த்தக அமைப்பு உட்பட ஆறு அமைப்புகள் சேர்ந்து 1997ல் தொடங்கி, பின்னால் மேம்படுத்தப்பட்ட ஒருங்கிணைந்த கட்டமைப்பு. ஒவ்வொரு நாட்டுக்கும் அதன் வர்த்தகத் தடைகளை அலசி ஒரு தடித்த அறிக்கை, கடைசியில் செய்ய வேண்டியவற்றின் அட்டவணை. அந்த அறிக்கைகளில் பல அருமையானவை. ஆனால் அட்டவணையில் யார், எப்போது, எந்தப் பணத்தில் என்ற கட்டங்கள் காலியாகக் கிடந்த நாடுகளில் எதுவும் நகரவில்லை. அமைச்சகத்துக்குள்ளேயே உள்ளூர்க்காரர்கள் நாலைந்து பேரைக் கொண்டு ஒரு பிரிவு அமைத்து, அவர்களை வருஷக்கணக்கில் இடம் மாற்றாமல் வைத்திருந்த நாடுகளில் வேலை நடந்தது. வெளியிலிருந்து வரும் என்னைப் போன்றவர்கள் கிளம்பிவிடுவோம். தொலைபேசியை எடுத்து, சுங்கத்துறையில் யாரைக் கேட்டால் காரியம் நடக்கும் என்று தெரிந்தவர் அங்கேயே இருக்க வேண்டும். நிதி தருபவர்களோடு நான் அதிகம் மல்லுக்கட்டியதும் இதற்காகத்தான். கருவிக்குப் பணம் சுலபமாகக் கிடைக்கும், அந்தப் பிரிவில் இருப்பவரின் சம்பளத்துக்குக் கிடைக்காது.

விதிகளைத் தங்களுக்காகப் பயன்படுத்தவும் இந்த நாடுகளுக்கு ஆள் வேண்டும். ஜெனீவாவில் பல நாடுகளின் தூதரகங்களில் வர்த்தகம், சுகாதாரம், மனித உரிமை, அகதிகள் எல்லாவற்றையும் மூன்று நான்கு பேர்தான் பார்க்கிறார்கள். சில நாடுகளுக்கு அங்கே அலுவலகமே இல்லை. ஆனாலும் முடியாததில்லை. வங்கதேச பேட்டரிகள் மீது இந்தியா விதித்த பொருள்குவிப்புத் தடுப்பு வரியை, அதாவது நியாயமில்லாத குறைந்த விலைக்கு விற்கிறார்கள் என்று சொல்லிப் போடும் கூடுதல் வரியை எதிர்த்து, 2004ல் வங்கதேசம் உலக வர்த்தக அமைப்பில் வழக்குத் தொடர்ந்தது. இந்தப் பட்டியலில் உள்ள நாடு ஒன்று அப்படி வழக்குக்குப் போனது அதுதான் முதல் முறை. ஏழை நாடுகளுக்காக 2001ல் ஜெனீவாவில் தொடங்கிய சட்ட ஆலோசனை மையம் துணை நின்றது. மறுவருஷமே இந்தியா அந்த வரியை விலக்கியது. வழக்கு முழு விசாரணைவரைகூடப் போகவில்லை. இளம் அதிகாரிகளுக்குப் பயிற்சி நடத்தும்போதெல்லாம் இந்த வழக்கை விரிவாகச் சொல்வேன். அதைக் கேட்கும்போது நிமிர்ந்து உட்காருவார்கள்.

இப்போது என் மேசையில் இருக்கும் வேலை, பட்டியலிலிருந்து வெளியேறும் நாடுகளைப் பற்றியது. பூட்டான் 2023லும், சாவோ டோமே பிரின்சிப்பி 2024லும் வெளியேறின. வங்கதேசம், நேபாளம், லாவோஸ் மூன்றுக்கும் 2026 நவம்பர் 24 என்று ஐ.நா. பொதுச்சபை நாள் குறித்தது. வெளியேறுவது சாதனை, அதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் இத்தனை சலுகைகளும் அந்தப் பட்டியலோடு சேர்ந்தவை. ஐரோப்பிய ஒன்றியம் வெளியேறிய பிறகும் மூன்று வருஷம் சலுகையைத் தொடரும். அதற்கப்புறம் ஆடைக்கு மறுபடியும் இரண்டு கட்ட விதி வந்துவிடும். துணியும் உள்நாட்டில் நெய்திருந்தால்தான் சலுகை. அதனால் ஒரு அமைச்சகத்து அதிகாரிகளோடு உட்கார்ந்து, எந்தப் பொருளுக்கு எந்தச் சந்தையில் என்ன வரி வரும், எந்த ஆலை எவ்வளவு வெளித்துணி வாங்குகிறது என்று வரிசை வரிசையாகப் பட்டியல் போடுகிறோம். சிறிய ஆலைக்காரர்களில் பாதிப் பேர் இந்த மாற்றத்தைக் கேள்விப்பட்டே இருக்கவில்லை. போன கூட்டத்தில் ஒருவர் எழுந்து, நெசவுப் பிரிவு கட்டி, தறி வாங்கி, சாயப்பட்டறைக் கழிவுநீருக்கு அனுமதி வாங்கி ஓட்ட மூன்று வருஷம் பற்றாது, அதற்குக் கடன் கொடுக்கிற வங்கியைக் காட்டுங்கள் என்றார். அடுத்த கூட்டத்துக்கு வங்கிக்காரர்களையும் கூப்பிட்டிருக்கிறோம். அதற்குள் அந்தப் பட்டியலை முடித்துத் தரவேண்டும்.